ஹூக்கின் வில்லும் ஹூக்கின் மூட்டும்



மஸ்கெலியாவுக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்களினூடே ஏறிச் செல்லும் கற்பாதை ஒன்றில் ஜீப் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் என் அத்தான். பேருந்து ஏறாத பாதை அது. சந்தைக்குப் போகும் மரக்கறி மூட்டைகள், பாடசாலைப் பிள்ளைகள், சம்பள நாளில் பட்டணத்துக்கு இறங்கும் தொழிலாளர், நள்ளிரவில் நோயாளி என அனைவருக்கும் அவ்வண்டியே கதி. மழைக்காலத்தில் மண் அரிபட்டுப் பாதையின் நடுவே கற்கள் தலைதூக்கி நிற்கும். வண்டியின் அடிவயிறு அவற்றில் மோதும். இத்தொல்லை பொறுக்கமாட்டாமல் அவர் கையிலிருந்த பணத்தோடு கடனும் வாங்கிச் சேர்த்து, வண்டியை 6 சென்ரிமீற்றர் உயர்த்துவித்தார். புதிய தகட்டுவில்கள், அவற்றோடு கொடுக்கப்பட்ட இரும்பு ஆப்புகள், முன்னையவற்றிலும் பெரிய ரயர்கள் ஆகியவை பட்டணத்துக் கடையொன்றிற் பூட்டப்பட்டன.

வண்டி உயர்ந்தது, கற்கள் மோதுவதும் நின்றது. ஆனால் அதில் ஏறியவர்கள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சிறு குழியில் விழுந்தாலும் தலை கூரையில் இடித்தது. சில்லு பள்ளத்தில் இறங்கும் போதெல்லாம் அடியில் 'டங்' என்றொரு சத்தம் கேட்டது. திரும்பும்போதும் நிறுத்தும்போதும் பழங்கதவு திறப்பதுபோல் ஒரு முனகல். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும், பல்லின் வேருக்குள் இறங்குவது போன்ற ஓர் உறுமல். முதல் வாரத்தில் ஒருநாள், லயத்திலிருந்து பிரசவ வேதனைப்பட்ட பெண்ணொருத்தியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றார் அத்தான். பாதி வழியில் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி, "அண்ணே, நான் நடந்தே வாறேன்" என்றாளாம். அதைச் சொன்னபோது அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வில் புதிதாகையால் கடினமாகத்தான் இருக்கும், ஆயிரம் கிலோமீற்றர் ஓடட்டும் என்றனர் கடைக்காரர். ஆயிரமும் ஓடியது, மாற்றமில்லை. வேறொரு கராச்சில் சொக் அப்சோபர் நான்கையும் மாற்றினார்கள். 'டங்' என்ற சத்தம் நின்றது. ஆனால் குலுக்கம் முன்னையிலும் மிகுந்தது. இனி வண்டியை விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடு கடைசியாக ஹற்றனிலுள்ள ஒரு பெரியவரிடம் அதனைக் கொண்டுபோனார். அன்று நானும் உடன் சென்றிருந்தேன். அப்பெரியவர் ஒருநாட் பொழுதிற் செய்தவற்றை நினைக்குந்தோறும், ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். வண்டியின் குலுக்கத்தையும் உறுமலையும் ஆளுகின்ற விதிகள் இரண்டும் அவருடைய பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆகவே ஹற்றன் கராச்சினுள் நுழையுமுன் உங்களைச் சிறிது நேரம் பழைய இலண்டனுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

1665ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி. இலண்டனைப் பெருங்கொள்ளைநோய் வளைத்துக்கொள்வதற்குச் சில வாரங்களே இருந்தன. அன்று கனவான்கள் சிலர் கோச்சு வண்டியொன்றிலே, நகரின் தென்கிழக்கே பிளவுண்ட் என்னும் படைத்தலைவர் ஒருவரது இல்லத்துக்கு விருந்துண்ணப் புறப்பட்டனர். றோயல் சங்கத்தின் தலைவர் புரோங்கர் பிரபு அவர்களுள் ஒருவர். அச்சங்கத்தின் பரிசோதனைகளை நடத்தும் பொறுப்பை 1662 முதல் ஏற்றிருந்த றொபேட் ஹூக் மற்றொருவர். வழியிற் சந்தித்த கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸையும் அவர்கள் ஏற்றிக்கொண்டனர். பீப்ஸ் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவராதலால் அன்று நடந்தது நமக்குத் தெரியவந்தது. விருந்து அப்படியொன்றும் சிறப்பாக இல்லையாம். விருந்துக்குப் பின் நடந்ததே சுவையானது. கோச்சுகளின் ஓட்டத்தை இதமாக்குதற்குப் பல அமைப்புகளை அங்கே பரீட்சித்தார்கள். அவற்றுள் ஒன்றில் வண்டியின் உடல் முழுவதும் நீண்டதொரு வில்லின் மீது தங்கியிருந்தது. எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக அதில் ஏறி ஓடிப்பார்த்தனர். அதுவே மிக இதமானது என்பது பீப்ஸின் முடிவு.

அவ்வாறு ஏறிப்பார்த்தவர்களுள் ஹூக்கும் இருந்தார் என்பதே எனக்கு வியப்பூட்டுவது. அப்போது அவருக்கு வயது 29. வைற் தீவிற் பிறந்த இவர் நோயாளியான உடலும் ஓயாத மூளையும் உடையவர். நுணுக்குக்காட்டியினாற் கண்டவற்றை வரைந்து நூலாக வெளியிட்டவரும், 1666இல் இலண்டன் எரிந்தபின் அந்நகரை அளந்து மீண்டும் கட்டியெழுப்புவதிற் பெரும் பங்குகொண்டவரும் இவரே. இத்தனை செய்தும், அவருடையதென உறுதியாகச் சொல்லத்தக்க உருவப்படம் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை.

வில்லைப் பற்றிய தமது கண்டுபிடிப்பை ஹூக் 1676இல் வெளியிட்ட முறை விசித்திரமானது. விதியைச் சொல்லும் இலத்தீன் வாக்கியத்தின் 14 எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி, பொருள் விளங்காத ஒரு புதிராக அச்சிட்டுவிட்டார். வேறொருவர் அதே உண்மையைக் கண்டு உரிமை கோரினால், நான் முன்னரே கண்டேன் என்று நிறுவுவதற்கு அக்காலத்தார் கையாண்ட தந்திரம் அது. இரண்டாண்டு கழித்து 1678இற் புதிரை அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பதே அதன் பொருள். இருமடங்கு பாரம் ஏற்றினால் வில் இருமடங்கு அமுங்கும். இன்று பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்யும் ஹூக்கின் விதி இதுவே.

எளிய இவ்விதியிலிருந்து வண்டி ஓட்டுவோர் அறியவேண்டிய ஓர் உண்மை பிறக்கிறது. அதனை ஊஞ்சலைக்கொண்டு விளக்கலாம். நீண்ட கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் நிதானமாக ஆடும். குறுங்கயிற்றில் தொங்குவது துடிதுடித்து ஆடும். வண்டியின் பாரத்தினால் வில் எத்தனை சென்ரிமீற்றர் அமுங்கி நிற்கிறதோ, அத்தனை சென்ரிமீற்றர் நீளமான ஊசலின் தாளத்திலேயே அவ்வண்டி மேலுங் கீழுமாக ஆடும். 25 சென்ரிமீற்றர் அமுங்கும் வில்லானால் வினாடிக்கு ஓர் ஆட்டம். அது தொட்டிலைப் போன்ற இதம். 12 சென்ரிமீற்றர் அமுங்கினால் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை. 6 சென்ரிமீற்றர் மட்டுமே அமுங்கினால் வினாடிக்கு இரண்டு ஆட்டம், வயிற்றைக் கலக்கும்.

இனி வண்டியை உயர்த்துவதைப் பற்றி எண்ணிப் பாருங்கள். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வில்லின் அதே கடினத்தோடு, வளைவு மட்டும் மிகுந்த வில்லைப் பூட்டுவது ஒன்று. அதனால் வண்டி உயரும், தாளம் மாறாது. மற்றது, கடினமான வில்லைப் பூட்டி, அது அமுங்க மறுப்பதனாலேயே உயரத்தைப் பெறுவது. பின்னதே மலிவு, பின்னதே எளிது. மிகுந்த பாரம் ஏற்றும் வண்டிக்கென ஆக்கிய வில்லை வெறும் வண்டிக்குப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் 12 சென்ரிமீற்றர் அமுங்கிய வில்லுக்குப் பதிலாக 6 சென்ரிமீற்றர் அமுங்கும் வில்லைப் பூட்டி 6 சென்ரிமீற்றர் உயரம் பெற்றவர், தம் ஊஞ்சற் கயிற்றைப் பாதியாக வெட்டிக்கொண்டவராகிறார். கடைக்காரர் விலைச்சீட்டில் இது எழுதப்படுவதில்லை.

பிளவுண்ட் வீட்டு முற்றத்திற் கண்ட இதம் வீதிக்கு வர நெடுங்காலஞ் சென்றது. அக்கால உருக்குக்கு முறியாமல் வளையுந் திறன் போதாது. பல கோச்சுகளின் உடல் தோல்வார்களிலே தொங்கிக் கப்பல்போல் உருண்டது. ஒபதையா எலியற் என்பவர் இருபுறமும் வளைந்த தகட்டுவில்லைக் கோச்சுகளுக்கு அமைத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். நம் நாட்டிலும் தமிழகத்திலும் வில்வண்டி என்று பெயர்பெற்ற மாட்டுவண்டி அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சாதாரண மாட்டுவண்டியின் அச்சும் மரத்தட்டும் நேரே பிணைந்திருக்க, வில்வண்டியில் இரண்டுக்கும் இடையே உருக்குத் தகடுகள் அடுக்கப்பட்டிருந்தன. பெண்ணழைப்புக்கு வில்வண்டி வந்தால் அதற்குத் தனி மதிப்பு. வைக்கோல் ஏற்றுவதற்கோ வில் வேண்டியதில்லை.

தகட்டுவில் ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்ற பல தகடுகளின் அடுக்கு. இவ்வுராய்வு நன்மையுந் தீமையுமானது. ஆட்டம் விரைவில் ஓய்வதற்கு அது துணை செய்கிறது. ஆனால் தகடுகள் துருவேறிப் பிடித்துக்கொண்டால் சிறு மேடுகளில் வில் அசையவே அசையாது, மரக்கட்டைபோல் நிற்கும். 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது மோட்டார் வண்டியின் வேகம் கூடவே, வில்லின் ஆட்டத்தை அடக்கத் தனியொரு கருவி வேண்டியதாயிற்று. பிரான்சு நாட்டில் டிரூஃபோ என்பவர் உராய்வுத் தட்டுகளைக் கொண்டு அதனை ஆக்க, ஹாட்போட் என்பவர் அமெரிக்காவிற் பரப்பினார். பின்னர் எண்ணெயை நுண்துளை வழியே தள்ளும் அமைப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் ஓட்டுநர் சொக் அப்சோபர் என்று கூறுவது இதனையே. பெயரைக் கேட்டு, அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இதுவே என்று பலர் எண்ணுகின்றனர். அதிர்ச்சியை வாங்குவது வில். இக்கருவி பாரத்தையும் தாங்குவதில்லை. வில்லின் ஆட்டத்தை அடக்குவதே இதன் தொழில். வில் முரடாயிருக்கையில் இதனையும் முரடாக்கினால் நோய் இரட்டிக்கும். அத்தானின் பணம் போன வழி இது. 'டங்' சத்தம் நின்றதன் காரணமும் இங்கேயே உள்ளது. வண்டியை உயர்த்தியவர்கள் பழைய நீளத்திலேயே சொக் அப்சோபரை விட்டுவிட்டனர். ஆகவே சில்லு பள்ளத்தில் இறங்குகையில் அது தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு முட்டியது. நீளமானதைப் பூட்டியதும் சத்தம் ஓய்ந்தது. ஒரு நோய் தீர்ந்ததைக் கண்டு, மருந்து முழுவதுமே சரியென்று எண்ணிவிட்டார்கள்.

வண்டியின் இதத்தை முறையாக ஆராய்ந்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் நான் மொறிஸ் ஒல்லியைச் சுட்டுவேன். ரோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்திற் பயின்ற இவ்வாங்கிலேயர் 1930இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்திற் சேர்ந்தார். 1932இல் பெரிய காரொன்றை எடுத்து, முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய பாரக்கட்டைகளை அதிற் பொருத்தி, வில்களையும் மாற்றி மாற்றி ஓட்டிப்பார்த்தார். இதத்தை அளக்கத் தக்க கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. ஆகவே ஏறியவர்கள், எந்நிலையில் உடம்பு சுகமாக உணர்கிறது என்று தம்மையே கேட்டுக்கொண்டனர். பிளவுண்ட் வீட்டு முற்றத்தில் ஒருவர்பின் ஒருவராக ஏறிய கனவான்கள் செய்ததும் அதுதானே! ஒல்லி கண்ட முடிவு அக்கால வழக்கத்துக்கு மாறானது. அந்நாளில் முன்வில் கடினமாகவும் பின்வில் மெதுவாகவும் இருந்தன. மேட்டில் முதலில் ஏறுவது முன்சில். பின்சில் சற்றுப் பிந்தியே ஏறும். பின்புற ஆட்டம் முன்புறத்தினும் சிறிது விரைவாயிருந்தால் அது முன்புறத்தை எட்டிப்பிடித்து, இரண்டுஞ் சேர்ந்தே எழுந்து தாழும். இல்லையேல் வண்டி தோணிபோல் முன்னும் பின்னும் குதிக்கும். எனவே முன்வில்லே மெதுவாயிருத்தல் வேண்டும் என்றார் ஒல்லி. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் 1934ஆம் ஆண்டுக் கார்கள் சில, முன்சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும் மெதுவான வில்லமைப்போடு வெளிவந்தமைக்கு அவரது ஆராய்ச்சியே அடிப்படை.

உயரமும் இதமும் ஒன்றற்கொன்று பகையாகவே இருக்கவேண்டுமென்ற நியதி இல்லை. 1948இல் வெளிவந்து நம் மலைத்தோட்டங்களுக்கும் பழக்கமான லாண்ட் றோவர், கடினமான தகட்டுவில்லின் மீது நின்றது. அதே நிறுவனத்தார் 1970இல் வெளியிட்ட றேஞ்ச் றோவருக்கு நீண்ட தூரம் அசையத்தக்க மெதுவான சுருள்வில்களை அமைத்தனர். கற்களுக்கு மேலே உயர்ந்து நின்றும், உள்ளிருப்பவரை அது குலுக்கவில்லை. அதன் சில்லுகளுக்கு மேலுங் கீழும் தாராளமாக அசைய இடம் விட்டிருந்தார்கள், இரகசியம் அவ்வளவே.

இனி ஹற்றனுக்கு வருவோம். பெரியவர் வண்டியின் அடியில் உடனே புகவில்லை. முதலிற் காற்றைப் பார்த்தார். புதிய பெரிய ரயர்களில் சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தல் அழுத்தம் ஏற்றியிருந்தார்கள். பெல்பாஸ்ற் நகரத்து விலங்கு வைத்தியர் டன்லொப் 1888இற் காற்று ரயரை ஆக்கியதே, தம் மகனது முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டுமென்பதற்காக. காற்றை அளவுக்குமேல் ஏற்றினால் அவர் ஒழிக்க முயன்ற கட்டைச்சில்லு மீண்டுவிடும். பெரியவர் 30 இறாத்தலுக்கு இறக்கினார்.

அடுத்து, வில்லின் கண்களிற் பூட்டிய ஆணிகளைத் தட்டிப் பார்த்தார். அங்கே இருப்பது இறப்பர்ப் புஷ். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவே இரண்டோடும் ஒட்டிய இறப்பர். வில் அசையும்போது இவ்விறப்பர் வழுக்குவதில்லை, முறுகி மீள்கிறது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து கப்பலேறிவந்து கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் வேரூன்றிய கன்றுகளின் வழித்தோன்றல்களே நம் நாட்டு இறப்பர் மரங்கள். அவற்றின் பால் உலகெங்கும் ஓடும் வண்டிகளின் இத்தகைய ஒளிவான இடங்களில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். புஷ்ஷின் ஆணியை முறுக்கும்போது வண்டி தன் சில்லுகளில் நின்று, வில் தன் இயல்பான நிலைக்கு அமுங்கியிருத்தல் வேண்டும். கடையிலோ வண்டியைத் தூக்கிவைத்து, சில்லுகள் அந்தரத்திற் தொங்கும்போதே முறுக்கிவிட்டார்கள். வண்டியைத் தரையில் இறக்கியதும் இறப்பர் எட்டும் ஒருபுறமாக முறுகியபடியே நின்றன. நிற்கும்போதே முறுகியிருக்கும் இறப்பர் ஓடும்போது எங்ஙனம் இணங்கும்? வில்லோடு சேர்ந்து அதுவும் வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நாம் கேட்ட முனகல் அதன் முனகலே.

"தம்பி, வில் பாதிதான் முரண்டு பிடிக்குது. மீதி முரண்டு இறப்பருடையது" என்றார் பெரியவர். கிழிந்துபோன இரண்டு புஷ்களை மாற்றினார். மற்றவற்றின் ஆணிகளைத் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, நான்கு பேரை மேலே ஏற்றி இறக்கி, வில்கள் தம் நிலையில் அமர்ந்தபின் முறுக்கினார். ஒரு சல்லிக்காசு பெறாத வேலை. ஆனால் அடுத்த ஓட்டத்தில் முனகலும் இல்லை. கூரையில் தலையும் இடிக்கவில்லை. உறுமல் மட்டும் அப்படியே இருந்தது.

அவ்வுறுமல் ஹூக்கின் இரண்டாவது பெயரைத் தாங்கியது.

எஞ்சினின் சுழற்சியைப் பின்அச்சுக்குக் கொண்டுசெல்வது நீண்டதொரு செலுத்துதண்டு. எஞ்சின் அசையாது நிற்க, அச்சு மேலுங் கீழும் ஆடுகிறது. ஆகவே தண்டின் இரு நுனியிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு வேண்டும். இரண்டு கவைகளை ஒரு சிலுவையாற் பிணைத்த இம்மூட்டை ஐரோப்பாவிற் பலர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயராலும், ஆங்கிலேயர் ஹூக்கின் பெயராலும் அழைப்பர். ஹூக் இதனை வண்டிக்காக ஆராயவில்லை. வானியற் கருவிகளுக்காகவே ஆராய்ந்தார். ஆராய்கையில் ஒரு குறையைக் கண்டார். மூட்டு கோணலாக நிற்கும்போது, ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும் மற்றது சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்தியும் இருமுறை பிந்தியும் ஓடுகிறது. கோணம் 6 பாகையானால் இவ்வேறுபாடு நூற்றுக்கு அரைப்பங்கு, யாரும் உணரமாட்டார். 12 பாகையானால் நூற்றுக்கு இரண்டுக்கு மேல். கோணம் இரட்டிக்க, வேறுபாடு நான்கு மடங்காகிறது.

இக்குறையை ஹூக் எவ்வாறு நோக்கினார் என்பது சுவையான செய்தி. நிழற்கடிகாரத்தின் தட்டில் நிழலும் சீராக நகர்வதில்லையன்றோ? மணிக்கோடுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். தம் மூட்டின் சீரின்மை அதே விதமானது என்று கண்ட அவர், குறையையே குணமாக்கி, நிழலின் போக்கைப் பின்பற்றும் கருவிக்கு அதனைப் பயன்படுத்தலாம் என்றார். பின்னர் 1683இல், சீரான சுழற்சி வேண்டுமிடத்து என்ன செய்யலாம் என்பதற்கும் வழி சொன்னார். இடைத்தண்டு ஒன்றை வைத்து, அதன் இரு நுனியிலும் ஒவ்வொரு மூட்டு அமைத்தால், முதல் மூட்டு முந்தும்போது இரண்டாவது அவ்வளவுக்குப் பிந்தி, ஒன்றின் பிழையை மற்றது தின்றுவிடும். இதற்கு நிபந்தனை இரண்டு. இடைத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருக்கவேண்டும். மோட்டார் வண்டி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே அதன் செலுத்துதண்டின் இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது எனலாம். 1903இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் இம்மூட்டை வண்டிக்கேற்றவாறு அமைத்து உரிமப்பத்திரம் பெற்றார். அதன்பின் சங்கிலியாற் சில்லைச் சுழற்றும் வழக்கம் கார்களிலிருந்து மெல்ல மறைந்தது.

வண்டியை உயர்த்தும்போது எஞ்சின் மேலே போகிறது. அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே இரண்டு மூட்டின் கோணமும் கூடும். இரண்டும் சமமாகக் கூடினால் உறுமல் பிறக்காது. மூட்டுகள் மட்டும் சற்று விரைவில் தேயும். சமநிலை கெட்டாற்றான் தொல்லை.

பெரியவர் இதனைக் கணக்கினால் அல்லாமற் பரிசோதனையாற் கண்டார். பின் செலுத்துதண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முன்சில்லுகளின் இழுவையால் மட்டும் வண்டியை ஓட்டச் சொன்னார். 40 கிலோமீற்றர் வந்தது; உறுமல் வரவில்லை. அத்தான் முகத்தில் அன்றுதான் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டேன். ரயர், அச்சு, பற்சில்லு எல்லாம் குற்றமற்றவை என்று ஒரே ஓட்டத்தில் விடுதலையாயின. திரும்பி வந்து தண்டைப் பூட்டி, தூக்குக்குண்டும் பாகைமானியுங் கொண்டு அளந்தார். மேல் மூட்டில் 12 பாகை. கீழ் மூட்டில் 6. அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கடைக்காரர் செருகிய ஆப்புகள், டிபரன்ஷியலின் மூக்கை 6 பாகை மேலே தூக்கியிருந்தன.

ஆப்பு வைப்பதற்கு நியாயம் உண்டு. மேல் நுனியில் இரட்டை மூட்டுக் கொண்ட சிறப்புத் தண்டைப் பூட்டினால், டிபரன்ஷியலின் மூக்கு தண்டை நோக்கியே நிற்கவேண்டும். அதற்காகவே அவ்வாப்புகள் செய்யப்படுகின்றன. அத்தானின் தண்டு இரு நுனியிலும் ஒற்றை மூட்டுடைய பழைய தண்டு. கீழ் மூட்டின் கோணம் குறைந்ததைப் பார்த்து நன்மை என்று எண்ணிய கைகள், மேல் மூட்டின் பிழையைத் தின்ன வேண்டிய வாயை அடைத்துவிட்டன. சில்லு ஒருமுறை சுழலத் தண்டு ஏறத்தாழ 4.7 முறை சுழலும் வண்டி அது. 40 கிலோமீற்றர் வேகத்தில் தண்டு வினாடிக்கு 22 சுற்றுக்கு மேல் ஓடும். சுற்றுக்கு இரண்டாக, ஏறத்தாழ 45 துடிப்பு. நம் பல்லிற் கேட்டது அந்தச் சுருதி. அப்படியே விட்டிருந்தால் சில மாதங்களில் சிலுவையின் தாங்கிகள் உடைந்து, ஏதோவொரு பள்ளத்தின் ஓரத்தில் தண்டு அறுந்து விழுந்திருக்கும் என்றார் பெரியவர். மலைப்பாதையில், உள்ளே நோயாளி இருக்கையில் அது நேர்ந்தால் என்னாகும் என்பதை அத்தானுக்கு எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆப்புகளை எடுத்தார். இரண்டு கோணமும் 12க்கு வந்தன, உறுமல் அடங்கியது. கடைசியாக வில் எஞ்சியிருந்தது. அதிலே தந்திரம் எதுவும் பலிக்காது. அமுங்க மறுக்கும் வில்லை அமுங்கச் செய்யவேண்டுமானால் தகடுகளைக் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தால் உயரம் குறையும். "ஐயா, எவ்வளவு இறங்கும்?" என்று கேட்டார் அத்தான். "ஓர் அங்குலம்" என்றார் அவர். அத்தான் நெடுநேரம் பேசாதிருந்தார். கடன் வாங்கிப் பெற்ற உயரம் அது. பின்னர், அந்தப் பெண் நடந்தே வருகிறேன் என்று சொன்ன இடத்தைப் பெரியவரிடம் விவரித்து, அவ்விடத்தில் உள்ள கற்கள் எவ்வளவு உயரம் என்று தம் கையாற் காட்டினார். பெரியவர் அக்கையின் உயரத்தை அளவுநாடாவால் அளந்து பார்த்துவிட்டு, ஓர் அங்குலம் போனாலும் வயிறு தட்டாது என்றார். வில்லொன்றுக்கு இரண்டு தகடு வீதம் கழற்றி, மற்றவற்றின் துருவைத் தேய்த்து மசகு பூசிப் பூட்டினார்.

இருட்டியபின் நாங்கள் மலையேறினோம். பாதை முன்போலவே பாழாய்த்தான் இருந்தது. இரண்டு இடங்களிற் குலுங்கியது; ஓரிடத்தில் மட்டும் கல்லொன்று அடியில் இலேசாக உரசியது. அத்தான் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அவர் பேசுவது எனக்குக் கேட்டது.

ஆப்புகளை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த முறை நான் ஹற்றனுக்குப் போனபோது, காற்றில் அடித்துக்கொள்ளும் கராச்சுக் கதவின் கீழே அவற்றுள் ஒன்றைப் பெரியவர் செருகி வைத்திருந்தார்.